முக்தார் ரோபோவை யார் விசாரித்தார்கள்?

2022 ஆகஸ்ட் 2 அன்று சோமாலியப் பிரதமர் ஹம்சா அப்தி பர்ரே தன் அமைச்சரவைப் பட்டியலை வெளியிட்டார். அப்போது நான் நைரோபியில் வேலையில் இருந்தேன். அலுவலகத்தில் சோமாலிகள் பலர். அவர்களில் இருவர் எனக்கு நெருக்கம். ஒருவருக்குப் பைடோவா பக்கம், இன்னொருவர் மொகதிஷுவிலேயே பிறந்து வளர்ந்தவர். மறுநாள் மதியம் மூவரும் ஈஸ்ட்லீயில் ஒரு சோமாலிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஆட்டுக்கறி வைத்த சோறு, தட்டின் ஓரத்தில் ஒரு வாழைப்பழம். பழத்தை உரித்துத் துண்டு துண்டாகப் பிட்டுச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். பைடோவாக்காரர் அன்று உற்சாகமாக இருந்தார். "எங்கள் ஊர் ஆளை நாலு வருஷம் அடைத்து வைத்திருந்தார்கள். இப்போது அமைச்சர்" என்றார். மொகதிஷுக்காரர் பழத்தைப் பிட்டுக்கொண்டே கேட்டார்: "அவர் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டாரா?" முதலாமவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கேட்க ஆரம்பித்தால் யாரிடம் ஆரம்பிப்பது?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்த ஆள் முக்தார் ரோபோ. இயக்கப் பெயர் அபூ மன்சூர். சோமாலிய அரசை எதிர்த்துப் போரிடும் இஸ்லாமியவாத ஆயுத இயக்கமான அல்-ஷபாபை உருவாக்கியவர்களில் ஒருவர், அதன் செய்தித் தொடர்பாளர், துணைத் தலைவர். 2012-ல் அமெரிக்கா அவரைப் பற்றித் தகவல் தருவோருக்கு 50 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பத்து வருடம் கழித்து அவர் சோமாலிய அரசின் சமய விவகார அமைச்சர். இப்படி ஒருவர் அமைச்சராகலாமா, கூடாதா என்று அன்றிலிருந்து பலரோடு பேசிவிட்டேன், பலர் எழுதியதையும் படித்துவிட்டேன். எனக்கு அந்த விவாதத்தில் பெரிய குழப்பம் இல்லை. ஒன்றரைத் தலைமுறையாக நடக்கும் போரை முடிக்க எதிரியின் கூடாரத்திலிருந்து வெளியே வருபவனுக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். என்னை உறுத்துவது வேறு. அவரை அடைத்து வைத்தபோதும் சரி, அமைச்சராக்கியபோதும் சரி, ஒரு நீதிபதிகூட அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. இரண்டு முடிவுகளையும் எடுத்தது அன்றன்று அதிகாரத்தில் இருந்தவர்களின் வசதி.

அமைச்சரவை மேசை

ரோபோ 1969-ல் பக்கூல் பகுதியின் ஹுதுரில் பிறந்தவர். ரஹன்வெய்ன் குலத்தில் லெய்சான் கிளை. சூடானில் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியச் சட்டம் படித்தார். பிறகு ஆப்கானிஸ்தானில் பயிற்சி. ஊர் திரும்பி, 2006-ல் மொகதிஷுவைப் பிடித்த இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியத்தில் முக்கிய ஆளானார். அந்த டிசம்பரில் எத்தியோப்பியப் படைகள் உள்ளே வந்து ஒன்றியத்தை உடைத்தன. உடைந்ததில் மிஞ்சியது அதன் இளைஞர் படையான அல்-ஷபாப். அந்நியப் படையை எதிர்ப்பவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு அந்த இரண்டு வருடத்தில் ஏராளமான ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தது. எத்தியோப்பியர்கள் 2009 ஜனவரியில் வெளியேறினார்கள். அந்த மாதமே, அதுவரை இடைக்கால நாடாளுமன்றம் கூடிக்கொண்டிருந்த பைடோவா அல்-ஷபாப் கைக்குப் போனது. ரோபோ அப்போது அந்த இயக்கத்தின் முகம், குரல் இரண்டும். கண்ணை மட்டும் விட்டு முகத்தைத் துணியால் மூடிக்கொண்ட கூட்டத்தின் நடுவே முகத்தை மறைக்காமல் நின்று பேசியவர் அவர்.

அந்த 2009 டிசம்பர் 3-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொகதிஷுவின் ஷாமோ ஹோட்டலில் பெனாதிர் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா. அரசு என்று சொல்ல எதுவும் ஒழுங்காக இல்லாத நகரத்தில், உள்ளூரிலேயே மருத்துவர்களை உருவாக்க வேண்டும் என்று 2002-ல் சில சோமாலி மருத்துவர்களும் கல்வியாளர்களும் சேர்ந்து தொடங்கிய பல்கலைக்கழகம் அது. வெளிநாட்டுக்குப் போகாமல், குண்டு விழும் ஊரில் ஆறு வருடம் உட்கார்ந்து மருத்துவம் படித்த பிள்ளைகள் அங்கி அணிந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் அமைச்சர்கள். பெண் உடையில் உள்ளே வந்திருந்த ஓர் ஆண் தன்னை வெடித்துக்கொண்டான். சுகாதார அமைச்சர் கமர் ஆதன் அலி, கல்வி அமைச்சர் அகமது அப்துல்லாஹி வாயேல், உயர்கல்வி அமைச்சர் இப்ராஹிம் ஹசன் அத்தோ மூவரும் இறந்தார்கள். காயம்பட்ட விளையாட்டுத் துறை அமைச்சர் சில வாரங்கள் கழித்து இறந்தார். மாணவர்கள், பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள், பெற்றோர்கள் என்று அந்த அறையில் இருந்த பலர் போனார்கள். அல்-ஷபாப் மறுத்தது. சோமாலியாவில் அந்த மறுப்பை நம்பியவர்கள் அதிகம் இல்லை.

இதில் அத்தோவை மட்டும் தனியாகச் சொல்கிறேன். 2006-ல் இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியத்துக்கு வெளியுறவுப் பொறுப்பாளராக இருந்தவர் அவர். அதாவது ரோபோவும் அவரும் ஒரே அமைப்பில் இருந்தவர்கள். அந்த ஒன்றியத்தின் தலைவர் ஷேக் ஷரீஃப் 2009-ல் நாட்டின் ஜனாதிபதியானார். அத்தோ அவரோடு அரசுக்குள் வந்து அமைச்சரானார், அதே வருடக் கடைசியில் கொல்லப்பட்டார். ஆயுதக் குழுவிலிருந்து அமைச்சரவைக்கு வருவது சோமாலியாவில் 2022-ல் முதன்முதலாக நடந்த விஷயமில்லை. அப்படி முன்பே வந்தவர்களைத் துரோகி என்று சொல்லித் தேடித் தேடிக் கொன்ற இயக்கத்தின் இரண்டாம் இடத்தில் இருந்தவர் ரோபோ. அவர் பின்னாளில் போய் உட்கார்ந்த அமைச்சரவை மேசையில் அதற்கு முன் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் இப்படிப் போனார்கள்! 2009 ஜூனில் பாதுகாப்பு அமைச்சர் ஓமர் ஹாஷி ஆதன் பெலெட்வெய்னில். 2011 ஜூனில் உள்துறை அமைச்சர் தன் வீட்டுக்குள்ளேயே. எந்தத் தாக்குதலில் ரோபோவின் பங்கு என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்லக்கூடியவர் அவர்தான். அவரை அதைச் சொல்ல வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பஞ்சம் வந்த வருடம்

ரோபோவுக்கும் இயக்கத்தின் தலைவர் அகமது அப்தி கொதானேவுக்கும் எப்போது முறிந்தது என்று கேட்டால் பெரும்பாலும் 2010-ஐச் சொல்வார்கள். அந்த வருட ரமலானில் மொகதிஷுவை முழுவதும் பிடித்துவிட வேண்டும் என்று கொதானே பெரிய தாக்குதல் ஒன்றை நடத்தினார். ஆப்பிரிக்க ஒன்றியப் படைகளின் பீரங்கிகளுக்கு முன் அது எடுபடவில்லை. இறந்தவர்களில் மிகப் பலர் பே, பக்கூல் பகுதிகளிலிருந்து ரோபோ அனுப்பிய ரஹன்வெய்ன் பையன்கள். முடிவெடுப்பவர்கள் வேறு குலத்தார், சாவது எங்கள் பிள்ளைகளா என்ற கோபம் அங்கிருந்து கிளம்பியது.

அடுத்த வருடம் பஞ்சம். 2011 ஜூலை 20 அன்று ஐ.நா. பஞ்சம் என்று அறிவித்த முதல் இரண்டு பகுதிகளில் ஒன்று பக்கூல், ரோபோவின் சொந்த மண். இன்னொன்று கீழ் ஷபெல்லே. மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் 2010 தொடக்கத்திலேயே உலக உணவுத் திட்டத்தை அல்-ஷபாப் தடை செய்திருந்தது. 2011 நவம்பரில், மக்கள் செத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே, மேலும் 16 உதவி அமைப்புகளை வெளியேற்றியது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை சுமார் 2,60,000 பேர் இறந்ததாகப் பின்னர் செய்த ஆய்வு சொன்னது. பாதிப்பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். சோளம் விளையும் பே பகுதியும் கால்நடை மேயும் பக்கூலும் சேர்ந்து வெறுமையாகி, தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மொகதிஷுவுக்கும் கென்ய எல்லையின் ததாப் அகதி முகாமுக்கும் நடந்தார்கள். வழியில் எந்தப் பிள்ளையை விட்டுவிட்டு எந்தப் பிள்ளையோடு மேலே நடப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்த தாய்மார்களைப் பற்றி அந்த மாதங்களில் வந்த செய்திகளைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

உதவியை உள்ளே விடலாம் என்று ரோபோ வாதாடியதாகவும் கொதானே மறுத்ததாகவும் சொல்லப்படுகிறது. உண்மையாக இருக்கலாம். அப்படியானால் அதை அவர் வாயால் முழுதாகக் கேட்க வேண்டும். யார் தடுத்தது, எந்தக் கூட்டத்தில், என்ன காரணம் சொல்லி, தடை வந்த பின்னும் இவர் ஏன் அங்கேயே இருந்தார்? ஒரு நாட்டில் இரண்டரை லட்சம் பேர் இறந்த பஞ்சத்தைப் பற்றி அதை நடத்தியவர்களின் அறைக்குள் இருந்தவர் உயிரோடு இருக்கிறார், அரசின் சம்பளம் வாங்குகிறார். அவரிடம் அதைக் கேட்டு எழுதி வைக்க ஓர் ஆணையம்கூட அமைக்கப்படவில்லை.

2013-ல் கொதானே தன்னை எதிர்த்த மூத்தவர்களைக் களையெடுத்தார். இப்ராஹிம் அல்-ஆப்கானி கொல்லப்பட்டார். ஹசன் தாஹிர் அவெய்ஸ் தப்பி ஓடி அரசிடம் சிக்கினார். ரோபோ தன் ஆட்களோடு பக்கூலின் உட்பகுதிக்குப் போய் ஒதுங்கிக்கொண்டார். அடுத்த வருடம் அமெரிக்க வான்தாக்குதலில் கொதானே இறந்த பிறகும் அவர் எந்தப் பக்கமும் சேரவில்லை. 2017 ஜூனில் அமெரிக்கா பரிசுத் தொகையை விலக்கியது. அல்-ஷபாப் உடனே அவரைத் தாக்க ஆள் அனுப்பியது. ஆகஸ்டில் அவர் ஹுதுருக்கு வந்து அரசுப் படைகளிடம் சேர்ந்தார். இரண்டு நாள் கழித்து மொகதிஷுவில் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து, அந்த இயக்கத்தின் கொள்கை மார்க்கத்துக்கும் மக்களுக்கும் நாட்டுக்கும் உதவாது, நான் அதைவிட்டு விலகி ஐந்து வருடத்துக்கு மேலாகிறது என்றார். தான் விலகிய காலத்தைப் பற்றிச் சொன்னவர், உள்ளே இருந்த காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, 2017 அக்டோபர் 14 அன்று, மொகதிஷுவின் ஜோபே சந்திப்பில் லாரி குண்டு வெடித்து 587 பேர் இறந்தார்கள். மருத்துவமனைகளில் ரத்தம் போதவில்லை. ஊரே கை நீட்டி வரிசையில் நின்ற நாட்கள் அவை. ரோபோவும் போய் ரத்தம் கொடுத்தார். அந்தப் படம் எல்லாப் பக்கமும் சுற்றியது. விளம்பரத்துக்காகச் செய்தார் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குத்தான் அந்த லாரியின் பின்னால் என்ன மனநிலை இருக்கும் என்று தெரியும், அது தெரிந்த ஒருவர் மனம் கலங்கிப் போயிருப்பார் என்றே நம்புகிறேன். ஆனாலும் ரத்தம் கொடுத்தது வாக்குமூலம் ஆகிவிடாது.

பைடோவா, 2018 டிசம்பர்

எனக்கு இந்த மனிதரின் வாழ்க்கையில் மிக முக்கியமான இடம் அமைச்சர் பதவி இல்லை, அதற்கு முந்தைய நாலு வருடத்தின் தொடக்கம். 2018 அக்டோபரில் அவர் தென்மேற்கு மாநிலத்தின் தலைவர் பதவிக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார். பைடோவாவில் அவருக்குத் திரண்ட கூட்டத்தைப் பார்த்து மொகதிஷு மிரண்டது. அப்போதைய ஜனாதிபதி முகமது அப்துல்லாஹி பர்மாஜோவின் அரசு, சர்வதேசத் தடைப் பட்டியலில் இருப்பவர் போட்டியிட முடியாது என்றது. மாநிலத் தேர்தல் ஆணையம் அவர் மனுவை ஏற்றுக்கொண்டது. நேரடித் தேர்தல் இல்லை, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. அப்படியிருந்தும் அவர் ஜெயித்துவிடக்கூடும் என்ற நிலைமை.

டிசம்பர் 13 அன்று, ஓட்டெடுப்புக்குச் சில நாட்களே இருந்தபோது, பைடோவாவில் எத்தியோப்பியப் படையினர் அவரைப் பிடித்து விமானத்தில் ஏற்றி மொகதிஷுவுக்கு அனுப்பினார்கள். எந்த எத்தியோப்பியப் படையை எதிர்த்துப் பேசி அவர் 2007-ல் பெயர் வாங்கினாரோ, அதே நாட்டுப் படை. பைடோவா கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, டயர்கள் எரிந்தன, இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். பாதுகாப்புப் படை சுட்டது. ஐ.நா. சிறப்புத் தூதர் நிக்கலஸ் ஹேசம் பின்னர் எழுதிய கடிதத்தில் 15 பேர் கொல்லப்பட்டதாகவும் சுமார் 300 பேர் கைதானதாகவும் இருக்கிறது. கைதானவர்களில் பலர் சிறுவர்கள். அந்தக் கடிதத்தில் ஹேசம் கேட்டது ரொம்பச் சாதாரணமான விஷயம்: எந்தச் சட்டத்தின் கீழ் ரோபோவைப் பிடித்தீர்கள்? செத்தவர்களைப் பற்றி விசாரித்தீர்களா? 2019 ஜனவரி 1 அன்று சோமாலிய அரசு ஹேசமை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. இறையாண்மையில் தலையிட்டார் என்று காரணம் சொன்னார்கள்.

கைதுக்கு அரசு சொன்ன காரணம்தான் எனக்கு இன்னமும் ஜீரணமாகவில்லை. பைடோவாவுக்குள் ஆயுதம் ஏந்திய ஆட்களைக் கொண்டுவந்தார், தீவிரவாதச் சித்தாந்தத்தை அவர் இன்னும் கைவிடவில்லை என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிக்கை விட்டது. இது சின்னக் குற்றச்சாட்டா? ஒருவர் மனத்தளவில் இன்னும் அல்-ஷபாப்தான் என்று ஓர் அரசு அதிகாரப்பூர்வமாகச் சொல்கிறது. ஆதாரம் இருந்தால் நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளை விட வேண்டும். அரசு இரண்டையும் செய்யாமல் உளவுத்துறையின் காவலில் மூன்றரை வருடத்துக்கு மேல் வைத்திருந்தது. 2022 மே 15 அன்று பர்மாஜோ தோற்றார், ஹசன் ஷேக் முகமது ஜனாதிபதியானார். ஆகஸ்டில், தீவிரவாதச் சித்தாந்தத்தைக் கைவிடாதவர் என்று அரசு ஆவணம் சொன்ன அதே ஆள், மார்க்கம் எது என்று நாட்டுக்குச் சொல்லும் துறையின் அமைச்சர். பழைய குற்றச்சாட்டு தவறு என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆட்சி மாறியது, அவ்வளவுதான்.

அந்த 15 பேரை நினைத்துப் பார்க்கிறேன். ரோபோவுக்காக ஓட்டுப் போட அவர்களுக்கு உரிமைகூட இல்லை, சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. தங்கள் பகுதிக்காரர் ஒருவரைத் தேர்தலில் நிற்க விடுங்கள் என்று கேட்டதற்குச் செத்தார்கள். அமைச்சரான பின் ரோபோ இருக்கும் அரசு அந்தச் சாவுகளைப் பற்றி விசாரணை நடத்தியிருந்தால், அதுவே பெரிய மாற்றம் என்று நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். 2018-ல் அவருக்கு அநியாயம் நடந்தது. அதை அநியாயம் என்று சொல்ல அவர் யாராக இருந்தார் என்பது தடையாக இருக்கக் கூடாது. விசாரணை இல்லாமல் அடைத்து வைத்தது பாதிக்கப்பட்டவர்களுக்கும் சேர்த்துச் செய்த அநியாயம்தான், ஏனென்றால் அவர்கள் கேட்க நினைத்த கேள்விகளும் அந்த அறைக்குள்ளேயே பூட்டப்பட்டன.

அமைச்சரவையில் அவருக்கு இடம் கிடைத்ததற்கு அரசியல் காரணங்களும் இருந்தன. நான்கு பெரிய குலங்களுக்கும் சமபங்கு, மற்றவர்களுக்கு அரைப்பங்கு என்ற நாலரைக் கணக்கில் ரஹன்வெய்னுக்கு உரிய இடங்கள் உண்டு. பைடோவாவில் கூட்டம் சேர்க்கக்கூடிய ஒருவரை மொகதிஷுவில் பதவி கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வது எந்த ஜனாதிபதிக்கும் வசதி. நாடாளுமன்றம் முழு அமைச்சரவைக்கும் ஒரே வாக்கெடுப்பில் ஒப்புதல் கொடுத்தது. 229 பேர் ஆதரித்தார்கள். ரோபோ என்ற ஒரு பெயரைத் தனியாக எடுத்து விவாதிக்க அந்த முறையில் வழியே இல்லை.

சின்ன ஆளும் பெரிய ஆளும்

அல்-ஷபாபிலிருந்து தப்பி வரும் சாதாரணப் பையனுக்கு என்ன நடக்கிறது? உளவுத்துறை அவனைப் பரிசோதித்து, ஆபத்துக் குறைவானவன் என்று முடிவு செய்தால் மொகதிஷுவின் செரெந்தி மாதிரியான மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பும். பைடோவாவிலும் கிஸ்மாயோவிலும் அப்படி மையங்கள் இருக்கின்றன. வெல்டிங், தையல், வண்டி ஓட்டுவது கற்றுக்கொண்டு, படிப்பும் கொஞ்சம் சேர்த்து, சில மாதம் கழித்து வெளியே வருவான். ஆபத்து அதிகமானவன் என்று முடிவு செய்தால் ராணுவ நீதிமன்றம். அங்கிருந்து பலர் போவது சுடும் கம்பத்துக்கு. ஜோபே குண்டுவெடிப்பு வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரை முதலாண்டு நினைவு நாளான 2018 அக்டோபர் 14 அன்றே சுட்டுக் கொன்றார்கள். ரோபோ தேர்தலில் நிற்கப் போவதாக அறிவித்த அதே மாதம். யார் குறைந்த ஆபத்து, யார் அதிக ஆபத்து என்று எந்த அளவுகோலில் பிரிக்கிறார்கள் என்பது வெளியே தெரிவதில்லை என்று மனித உரிமை அமைப்புகள் வருடக்கணக்காகச் சொல்லி வருகின்றன.

உத்தரவை நிறைவேற்றியவன் ராணுவ நீதிமன்றத்தில் நிற்கிறான், அவனைச் சேர்த்த மேடையில் பேசியவருக்கு நீதிமன்றமே இல்லை. மரண தண்டனை எனக்கு ஏற்பில்லாத ஒன்று. ரோபோவைச் சுட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையனைச் சுட்டிருக்கக் கூடாது, இருவரும் ஒரே மாதிரியான நீதிமன்றத்தில் ஒரே மாதிரியான கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்கிறேன்.

ரோபோவை வைத்திருப்பதால் அரசுக்கு லாபம் உண்டா என்றால், உண்டு. அவர் பதவியேற்ற அந்த ஆகஸ்டிலேயே அல்-ஷபாப் மொகதிஷுவின் ஹயாத் ஹோட்டலுக்குள் புகுந்து முப்பது மணி நேரம் பிடித்து வைத்து இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஜனாதிபதி முழுப் போர் என்று அறிவித்தார். ஹிரான் பகுதியில் ஊர் மக்களே ஆயுதம் எடுத்து அல்-ஷபாபை விரட்டினார்கள். 2023 ஜனவரியில் மொகதிஷுவில் சுமார் 300 உலமாக்கள் கூடி, அந்த இயக்கத்தை எதிர்ப்பது மார்க்கக் கடமை என்றார்கள். துப்பாக்கியோடு சேர்த்து மார்க்க விளக்கத்தாலும் நடத்த வேண்டிய போர் இது என்று அரசு புரிந்துகொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வேலைக்கு ரோபோவை நியமித்துவிட்டு, அவரிடம் இருக்கும் மிகப் பெரிய ஆயுதத்தை எடுக்கவே இல்லை என்று படுகிறது. பதினாறு வயதுப் பையனை எந்த வசனத்தைச் சொல்லிச் சேர்த்தார்கள், பெற்றோரை எப்படி எதிர்க்கச் சொன்னார்கள், குண்டைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குக் கடைசி வாரம் என்ன சொல்லிக் கொடுத்தார்கள், அதில் எந்த இடத்தில் மார்க்கத்தைத் திரித்தார்கள் என்று உள்ளே இருந்த ஒருவர் பெயர், தேதி, இடத்தோடு எழுந்து நின்று சொன்னால் ஹுதுரிலும் வாஜித்திலும் இருக்கும் ஒரு தகப்பன் அதைக் கேட்பான். பொதுவாகக் கண்டிக்கும் வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களை அவன் நிறையக் கேட்டுவிட்டான். ஹுதுரையே அல்-ஷபாப் வருடக்கணக்காக முற்றுகையில் வைத்திருந்தது. சரக்கு லாரிகளைக் கொளுத்தினார்கள், மாவும் சர்க்கரையும் கழுதை வண்டியில் திருட்டுத்தனமாக வர வேண்டியிருந்தது. அமைச்சரின் சொந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு இது. அவர்களிடம் அவர் சொல்ல வேண்டியது ஏராளம்.

கம்பாலா

சோமாலியர்கள் தங்களுக்குள் மன்னித்துக்கொண்டால் நமக்கென்ன என்று ஒரு நண்பர் கேட்டார். ஞாயமான கேள்வி. பரிகாரப் பணம், குலப் பெரியவர்கள், பேச்சுவார்த்தை என்று அவர்களுக்கென்று பழைய முறைகள் இருக்கின்றன, வெளியாள் அதில் புகுந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கம்பாலா இருக்கிறதே.

2010 ஜூலை 11 இரவு, உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பார்க்க உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவின் கியாதொந்தோ ரக்பி மைதானத்திலும் ஓர் எத்தியோப்பிய உணவகத்திலும் கூடியிருந்தவர்கள் நடுவே குண்டுகள் வெடித்தன. 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான், உகாண்டாவையும் புருண்டியையும் தாக்குங்கள் என்று ஒருவர் பகிரங்கமாக அழைப்பு விடுத்திருந்தார். அவர் முக்தார் ரோபோ. குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்றது இயக்கத்தின் வேறொரு பேச்சாளர். அழைப்புக்கும் குண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உகாண்டா இந்த வழக்கை விட்டுவிடவில்லை. 2016 மே மாதம் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஏழு பேரைப் பயங்கரவாதக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. சாட்சிகள் வந்தார்கள், குறுக்கு விசாரணை நடந்தது, வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். மொகதிஷுவில் நடக்காத எல்லாம் அங்கே நடந்தது.

2007 முதல் மொகதிஷு அரசைக் காத்து நிற்கும் ஆப்பிரிக்க ஒன்றியப் படைகளில் முன்னணியில் இருப்பது உகாண்டாப் படை. விமான நிலையம், ஜனாதிபதி மாளிகைப் பகுதி எல்லாம் வெகுகாலம் அவர்கள் காவலில் இருந்தன. அந்த வீரர்களில் எத்தனையோ பேர் மொகதிஷுவில் செத்திருக்கிறார்கள், பெரும்பாலும் அல்-ஷபாப் கையால். தங்கள் ஊரைத் தாக்கச் சொன்னவர் போய் உட்கார்ந்த அமைச்சரவைக்கும் அவர்களே காவல் இருந்தார்கள். சோமாலியாவின் எந்தக் குலப் பேச்சுவார்த்தையும் எந்த ஜனாதிபதியின் பெருந்தன்மையும் கம்பாலாவில் பிள்ளையை இழந்த குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது. அவர்கள் யாருக்கும் மன்னிப்பு வழங்கவில்லை, அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

பதவியை விட்டு இறங்குங்கள் என்று நான் ரோபோவைக் கேட்கவில்லை. அமைச்சராக இருந்துகொண்டே செய்யலாம். ஓய்வுபெற்ற நீதிபதிகள் சிலரைக் கொண்ட ஓர் ஆணையம், பைடோவாவிலோ மொகதிஷுவிலோ ஓர் அறை, கம்பாலாவிலிருந்து வருபவர்களுக்கும் ஷாமோ ஹோட்டலில் பிள்ளையை இழந்தவர்களுக்கும் 2018-ல் பைடோவாத் தெருவில் செத்தவர்களின் வீட்டாருக்கும் உட்கார நாற்காலிகள். 2006-ல் ஆரம்பித்து 2013 வரை, வருடம் வருடமாக, என்ன தெரியும், என்ன சொன்னேன், யார் உத்தரவிட்டது, எதை எதிர்த்தேன், எதை எதிர்க்காமல் விட்டேன் என்று அவர் பேச வேண்டும். அவரைப் பிடித்து அடைத்தது எந்தச் சட்டப்படி என்று அரசும் அதே அறையில் பதில் சொல்ல வேண்டும். எழுதுபவர் எழுதிக்கொண்டே போகட்டும், எத்தனை மாதம் ஆனாலும் சரி.